களவில் தொண்ணூற்றொன்பது

களவு பழகுகிறவன் எடுத்த எடுப்பிலேயே ராசாவின் சட்டைப்பைக்குள் கை விடக்கூடாது. சுரேகா விட்டாள். விட்டு நல்லா வாங்கிக்கட்டினாள். ஒரு கிழமைக்குள் மூன்று தரம் செத்தாள். மூன்றாம் தரம் சாகும்போது மதுசனின் மோதிரமும் சேர்ந்து துலைந்துபோனது.

பயப்படாதேயுங்கோ, எல்லாம் போனுக்குள்தான். அது ஒரு கேம். இங்கிலிஸில் அதுக்கு வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் இருக்கு. வட்டக்கச்சியில், சுரேகா வீட்டில், அதைக் கள்ளன் கேம் என்றுதான் சொல்லுவார்கள். மற்றக் கேம்களைப்போல விரல் தேயத் தேய ஓடவும் சுடவும் தேவையில்லை. உள்ளே ஒருத்தன் நிற்பான். அவனை ஒரு வேலையில் ஏவிவிட்டுப் போனை மூடிவைத்துவிட்டு உங்கள் அலுவலைப் பார்க்கலாம். மீன் பிடியடா என்றால் பிடித்துக்கொண்டிருப்பான். மரம் வெட்டு என்றால் வெட்டிக்கொண்டிருப்பான். நீங்கள் சோறு வடித்து, உடுப்புத் தோய்த்து, கோழியையும் அடைத்துவிட்டு வந்து திறந்தால், நீ இல்லாத நேரம் நான் இவ்வளவு செய்திருக்கிறேன் என்று பட்டியல் காட்டுவான். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திறந்து முகத்தைக் காட்டினால் காணும். காட்டாவிட்டால் வேலையைப் போட்டுவிட்டுக் குந்திவிடுவான்.

இப்படிச் சொன்னதைச் செய்துகொண்டு வாய் பேசாமல் கிடக்கிற பிறவியை வன்னியில் இரண்டு இடத்தில் காணலாம். ஒன்று அந்தக் கேமுக்குள். மற்றது, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு எழுத்து முடித்துவிட்ட வீடுகளில்.

எழுத்து என்றால் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை மூன்று கிழமை லீவில் வருவார். பதிவாளருக்கு முன்னால் இரண்டு பேரும் கையெழுத்து வைப்பினம், மோதிரம் மாற்றுவினம், படம் எடுப்பினம். தாலி பிறகு அங்கே போய். அந்தப் பிறகு எப்ப என்று கடவுளுக்கும் விசாக் கந்தோருக்கும்தான் தெரியும். அதுவரைக்கும் பெட்டை அரசாங்கத்தின் பேப்பரில் பெண்சாதி, ஊர் வாயில் குமர். வேறொருத்தன் கேட்டும் வரமாட்டான், கட்டினவன் கூட்டிக்கொண்டும் போகமாட்டான். கழுத்து வெறும் கழுத்தாகவே கிடக்கும்.

சுரேகாவுக்குப் போன ஆவணிக்கு முந்தின ஆவணியில் எழுத்து நடந்தது. மதுசன் கனடாவில் இருக்கிறான். தகப்பனின் திவசத்துக்கு என்று கிளிநொச்சிக்கு வந்தவன், கார்மென்ற் பக்டரி பஸ்ஸில் இருந்து இறங்கின சுரேகாவைக் கண்டான். கண்டவன் அவள்தான் வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றான். தாய் விமலேஸ்வரிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெட்டையின் தகப்பன் பழனியாண்டி சின்னப் பிள்ளையாக மலையகத்தில் இருந்து அடிபட்டு இங்கே வந்து, காடு வெட்டி, வாய்க்கால் ஓரமாக இரண்டு ஏக்கர் வயல் திருத்தினவர். நாற்பது வருடத்துக்கு மேலாக வட்டக்கச்சிச் சேறு மிதித்தாலும் விமலேஸ்வரிக்கு அவர் தோட்டக்காட்டு ஆள்தான். எழுத்தன்றைக்கு அவா அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணி குடிக்கவில்லை. வெயில் தலையைப் பிளந்தது, அப்பவும் குடிக்கவில்லை.

எழுத்து முடிந்த கையோடு விமலேஸ்வரி போட்ட முதல் சட்டம், "கனடாக்காரன்ர மனிசி பக்டரி பஸ்ஸில தொங்கக்கூடாது" என்பது. சுரேகா வேலையை விட்டாள். லைனில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள், ஒரு நாளில் வீட்டில் குந்தினாள்.

மதுசன் போகிறதுக்கு முதல்நாள் அவளுடைய போனில் இந்தக் கேமைப் போட்டு, தன்னுடைய எக்கவுண்டையே திறந்து, பாஸ்வேட்டையும் சொல்லிக்கொடுத்தான். "வேலைக்குப் போனா என்னால பாக்க ஏலாது. நீ பாத்துக்கொள். மீன், மரம், சமையல், எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு வா. கடைசியாத்தான் களவு. அது சரியான கஸ்டம், அடி விழும். ஆனா களவைத் தொண்ணூற்றொன்பதுக்குக் கொண்டுவந்தியெண்டா வை, அதுக்குள்ள உனக்கு விசா வந்திடும்."

அவன் பகிடிக்குச் சொன்னான். அவள் அதைக் கோயிலில் வைத்த நேர்த்தியைப்போலப் பிடித்துக்கொண்டாள். பிழை அவளுடையதுதான். ஆனால் வேறு எதைப் பிடிக்கிறது? அவன் கொடுத்துவிட்டுப் போனது அந்தப் பாஸ்வேட் மட்டும்தானே.

மற்ற வேலைகளை எல்லாம் முடிக்கவே ஒரு வருடம் போனது. பிறகு களவைத் தொட்டாள். ராசாவின் பைக்குள் கை விட்டு மோதிரத்தைத் துலைத்தது அப்போதுதான். மதுசன் போனில் கிழி கிழி என்று கிழித்தான். "மொக்கு மாதிரி விளையாடாதை, அந்த மோதிரம் எடுக்க எனக்கு நாலு மாசம் எடுத்தது" என்றான். அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மூக்கைத் துடைத்துவிட்டு ஒரு கொப்பியை எடுத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, பெட்டைக்குத் தலை இருந்தது. ஒவ்வொருத்தனிடமும் நூறு தரம் கை வைத்துப் பார்த்து, எத்தனை தரம் தப்பினாள், எத்தனை தரம் பிடிபட்டாள் என்று எழுதினாள். பிடிபட்டால் அடி மட்டுமில்லை, அடுத்த களவுக்குரிய நேரமும் மரம்போல நிற்கவேண்டும். படைவீரனிடம் எடுத்தால் விவசாயியிடம் எடுப்பதைவிட மூன்று மடங்கு புள்ளி. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பத்துக்கு மூன்று தரம்தான் கை தப்பும், மிச்ச ஏழு தரமும் அடி வாங்கி நிற்பாய். விவசாயி கொஞ்சமாகத்தான் தருவான், ஆனால் பத்துக்கு ஒன்பது தரம் தருவான். ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் விவசாயிதான் லாபம். பத்துக்கு எட்டுத் தப்பும் என்கிற நிலை வந்தபிறகுதான் அடுத்த ஆளுக்கு மாறவேண்டும். அதோடு இன்னொன்றும் கண்டுபிடித்தாள். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தால் அந்த ஆள் கைக்குப் பழகிவிடுவான். பிறகு அவனுக்கு எடுபடுகிறதே தெரியாது.

பழனியாண்டி பின்னேரம் வயலால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது அந்தக் கேமைப் பற்றி விடுப்புக் கேட்பார்.

"இப்ப யாருகிட்ட புள்ள களவெடுக்கிற?"

"விவசாயியிட்ட அப்பா."

"என்னா கெடைக்குது?"

"விதை."

"வெதையையுமா புடுங்குறீங்க, பாவிகளா! அவென் அடிக்கமாட்டானா?"

"அடிப்பான். ஆனா மெல்லமாத்தான். உயிர் அவ்வளவாக் குறையாது."

"அதான் எல்லாப் பயலும் அவன்கிட்டயே வர்றானுக" என்று சொல்லிவிட்டு மனிசன் கிணற்றடிக்குப் போய்விட்டார். மனைவி சிவலட்சுமி செத்தபிறகு அவர் பகிடி விடுகிறதே குறைவு. அன்றைக்கு விட்டது பகிடியா என்றுகூடச் சொல்ல ஏலாது.

இப்படிக் களவு ஏற ஏற, மதுசனின் கோல் குறைந்துகொண்டு வந்தது. முதலில் ஒவ்வொரு நாளும். பிறகு சனி ஞாயிறு. பிறகு ஞாயிறு மட்டும், அதுவும் கார் ஓடிக்கொண்டு. மார்கழியோடு அதுவும் இல்லை. வொட்சப்பில் மெசேச் போட்டால் ஒற்றைச் சரி விழும், இரண்டாவது விழாது. சுரேகா கிளிநொச்சிக்கு பஸ் பிடித்து மாமியிடம் ஓடினாள். விமலேஸ்வரி டவுனுக்குக் கிட்ட, மகன் கட்டிக்கொடுத்த மாபிள் வீட்டில் தனியத்தான் இருந்தா.

"அவன் டபிள் சிப்ட் பிள்ளை. அதோட விசா பைல் விசாரணையில கிடக்கேக்க கனக்கக் கதைக்கக்கூடாதாம். லோயர் சொன்னவராம்."

எந்த லோயர் அப்படிச் சொல்லுவான்? இரண்டு பேரும் கதைக்கிறதுக்கு ஆதாரம் காட்டு, கோல் பட்டியல் காட்டு, படம் காட்டு என்றுதானே ஊர் முழுக்கக் கொமினிகேசன் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு திரியுது. சுரேகாவே ஒரு கட்டு எடுத்து அனுப்பினவள். தெரியும் அவளுக்கு. தெரிந்தும் நம்பினாள். நம்பாவிட்டால் அடுத்த பஸ்ஸில் என்ன முகத்தோடு திரும்பி வருகிறது?

மாசி மாதம், ஒரு விடியற்காலை, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கேமைத் திறந்தவள் அப்படியே நின்றாள். களவு எழுபத்தொன்றில் இருந்தது. முதல்நாள் பின்னேரம் அவள் கள்ளனை வியாபாரியிடம் ஏவிவிட்டுத்தான் மூடினவள். இப்போது அவன் படைவீரனிடம் நிற்கிறான். பையில், அடி வாங்கினால் தின்று உயிரேற்ற என்று அவள் வைத்த மீனுக்குப் பதிலாக வேறு மீன், இன்னும் திறமான மீன். கையில் ஒரு புதுக் கையுறை.

பாஸ்வேட் தெரிந்தது உலகத்தில் இரண்டு பேருக்கு. ஒருத்தி அடுப்படியில் நிற்கிறாள். மற்றது ஆர்?

"அப்பா!" என்று கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். "அவர் வந்திட்டார் அப்பா! கேமுக்குள்ள வந்திட்டார்!"

பழனியாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலை எட்டிப் பார்த்தார். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மனிசன் உயிரோடு இருக்கிறான், கோல் எடுக்கத்தான் ஏலாமல் இருக்குது, என்னை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறான். அவளுக்கு அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்தக் கேம் கடிதமாகிவிட்டது. ஒரே எக்கவுண்டில் இரண்டு பேரும் இருக்கிறபடியால் ஆளோடு ஆள் கதைக்கிற வசதி இல்லை. அவள் பைக்குள் சாமானை அடுக்கிப் பேசினாள். முதல் மூன்று கட்டத்தில் ஒரு மோதிரம், ஒரு செவ்வந்திப் பூ, ஒரு பொரித்த மீன். மோதிரம், துலைத்ததுக்குப் பதிலாக அவள் மாதக்கணக்காகப் பாடுபட்டு எடுத்த புது மோதிரம். அடுத்தநாள் விடிய அடுப்பும் மூட்டாமல் திறந்து பார்த்தாள். பூவைக் காணவில்லை. மீனைச் சாப்பிட்டிருந்தான். மோதிரத்தைக் கள்ளனின் விரலில் போட்டிருந்தான்.

விரலில்! எழுத்தன்றைக்குப் பதிவாளருக்கு முன்னால் அவன் விரலில் அவள் போட்டதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த ஒரே சடங்கு. அதை அவன் நினைத்துத்தான் போட்டான் என்று அவள் சத்தியமே பண்ணுவாள். அந்த மோதிரம் போட்டால் களவில் புள்ளி கூட விழும், கேம் தெரிந்த எந்தக் கழுதையும் போடும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. கொப்பியில் அவளே எழுதி வைத்திருந்தாள். ஆனால் அந்த நேரத்தில் கொப்பி எங்கே ஞாபகம் வருகுது.

மாமியிடம் போய்ச் சொன்னாள். விமலேஸ்வரி வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தி நின்றது. சுரேகாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

"அப்பிடியே? மோதிரத்தைப் போட்டவனோ?"

"ஓம் மாமி. அவர்தானே?"

"அவன்தான். வேற ஆர்? அவனுக்கு உந்தக் கேமிலதானே உயிர்." பிறகு வெண்டிக்காயைப் பார்த்துக்கொண்டு சொன்னா, "நீ பொறுமையா இரு பிள்ளை. வேலை கீலை எண்டு வெளிக்கிட்டிடாதை. அவன் கூப்பிடேக்க நீ வீட்டில இருக்கவேணும்."

அந்தச் சொல்லை அவள் தலையில் வைத்துக் கொண்டாடினாள். வைகாசியில் வினோஜா வந்தாள். வினோஜா பக்டரியில் அவளோடு ஒரே லைனில் நின்று தைத்தவள், இப்போது சூப்பவைசர். புது லைன் ஒன்று திறக்கிறார்கள், அதுக்குப் பொறுப்பாக ஒராள் வேணும், சுரேகாவின் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்லோணும். பிறகு என்னால பிடிச்சு வைக்க ஏலாது."

"இப்ப தொண்ணூற்றிரண்டில நிக்குது" என்றாள் சுரேகா.

"என்னது?"

"களவு. தொண்ணூற்றொன்பது வந்தா..."

"உனக்கு என்ன விசரே? கேமில கள்ளன் களவெடுத்தா கனடாவில கதவு திறக்குமே?"

"அவரும் சேர்ந்து விளையாடுறார் வினோ. பகலில நான், எனக்கு இருட்டேக்க அவர். ரெண்டு பேரும்தான் ஏத்திறம்."

வினோஜா தலையில் அடித்துக்கொண்டாள். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். திங்கட்கிழமையும் போனது.

தொண்ணூற்றிரண்டு என்றால் இன்னும் ஏழுதானே, முடிந்த மாதிரித்தான் என்று நினைப்பீர்கள். இல்லை. அந்தக் கேமில் ஒன்றில் இருந்து தொண்ணூற்றிரண்டுக்கு வருகிற புள்ளியும், தொண்ணூற்றிரண்டில் இருந்து தொண்ணூற்றொன்பதுக்குப் போகிற புள்ளியும் ஒன்று. ஆரம்பத்தில் மளமளவென்று ஏறும். கடைசியில் உயிரை எடுக்கும். சுரேகா ஒரு நேரம் பிசகாமல் காலை ஆறுக்கும் பின்னேரம் ஆறுக்கும் திறந்தாள். காய்ச்சலில் கிடந்தபோதும் திறந்தாள். அப்பா வயலில் களை பிடுங்க ஆள் இல்லாமல் தவிக்க, வரம்பில் நின்று திறந்தாள். ஒவ்வொரு தரமும் மற்றவன் தன் பங்கைச் செய்திருந்தான். எவ்வளவு ஒற்றுமையான குடும்பம், கேட்டியளே!

ஆனி மாதம் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிபோல, தொண்ணூற்றொன்பது விழுந்தது. திரையில் வாணவேடிக்கை போட்டது. கள்ளனுக்குத் தோளில் ஒரு சால்வை வந்தது. அவள் வொட்சப்பில் குரல் பதிந்து அனுப்பினாள். "மது, வந்திட்டுது. நான் கொண்டுவந்திட்டன். நீங்கள் சொன்ன மாதிரி." ஒற்றைச் சரி விழுந்தது. பரவாயில்லை, கேமைத் திறந்து பார்ப்பான்தானே என்று இருந்தாள். தலைக்கு முழுகினாள். எழுத்துக்கு உடுத்த சேலையை வெயிலில் போட்டாள்.

பின்னேரம் ஆறு மணிக்குத் திறந்தபோது மேல்மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. அமத்தினாள். குறிப்பு எழுதி வைக்கிற பெட்டி. அப்படி ஒன்று இருக்கிறதே அவளுக்கு இவ்வளவு நாளும் தெரியாது. தமிழை இங்கிலிஸ் எழுத்தில் அடித்திருந்தது.

"ஹாய் புரோ. நீ ஆரெண்டு தெரியாது. இந்த எக்கவுண்டை நான் மாசியில மது அண்ணாட்ட வாங்கினனான். அவருக்குத் தையில கலியாணம் முடிஞ்சுது, மனிசி கேம் விளையாட விடுறா இல்லை எண்டு வித்தவர். ஆரோ உள்ளுக்க வந்து போறது முதலே தெரியும். களவு நல்லா ஏறினபடியால் 99 வரட்டும் எண்டு பேசாம இருந்தனான். உன்ர மெதட் சுப்பர். இனி பாஸ்வேட் மாத்தப் போறன், குறை நினைக்காதை. தாங்ஸ் புரோ."

அவள் நாலு தரம் வாசித்தாள். மனிசி என்கிற சொல்லில் முதலில் தன்னைத்தான் நினைத்தாள். நான் எப்ப விளையாட வேண்டாம் எண்டனான் என்று யோசித்தாள். பிறகுதான் தை என்கிற சொல் ஏறினது. ஐந்தாம் தரம் வாசிக்கப் போக, திரை வெள்ளையாகிப் பாஸ்வேட் கேட்டது. அவளுக்குத் தெரிந்ததை அடித்தாள். பிழை என்றது. திரும்ப அடித்தாள். பிழை.

அப்போ அவள் நாலு மாதமாகப் பூ வைத்ததும் மோதிரம் வைத்ததும் ஆருக்கு? ஆரோ ஒரு பொடியனுக்கு. அவன் பூவை வித்துப்போட்டு மோதிரத்தை மாட்டினவன். நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசினது. மதுசன் செய்தது பெரிய துரோகம், அதுக்கு அழுகை பிறகு வந்தது. முதலில் வந்தது வெட்கம்தான்.

அடுத்தநாள் முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனாள். விமலேஸ்வரி முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றா.

"அவருக்குக் கலியாணம் முடிஞ்சது உங்களுக்கு எப்ப தெரியும் மாமி?"

மனிசி மறுக்கவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினா. "உள்ளுக்க வா, ரோட்டில நிண்டு கத்தாதை" என்றா. கதிரையைக் காட்டினா. சுரேகா இருக்கவில்லை.

"தையில. அங்க கோயில்ல. என்னையும் கூப்பிடேல்லை, வீடியோவிலதான் பாத்தனான்." இதை ஏதோ தனக்கு நடந்த அநியாயம் மாதிரி, பரிதாபம் எதிர்பார்த்துச் சொன்னா.

"தையில தெரியும் எண்டா மாசியில நான் மோதிரக் கதை சொல்லேக்க ஏன் அவன்தான் எண்டனீங்கள்? வேலைக்குப் போகாதை எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

விமலேஸ்வரி சேலைத் தலைப்பை முறுக்கினா. "அந்தப் பிள்ளையின்ர ஆக்கள் கொஞ்சம் துள்ளுற ஆக்கள். அங்க ஒத்துவராமல் போனா இவன் தனிச்சுப்போவான் எண்டு எனக்கு ஒரே பயம். நீ இஞ்ச இருக்கிறாய்தானே எண்டு ஒரு தைரியம். தாய் மனம் பிள்ளை, உனக்கு இப்ப விளங்காது."

கேட்டீர்களா கதையை! அங்கே பஞ்சரானால் மாட்டுகிறதுக்கு இங்கே ஒரு ஸ்பெயார் ரயர். அதுதான் வெளியில் உருளக்கூடாது, வீட்டில் கிடக்கவேணும்.

"இப்ப என்ன மாதிரி? ஒத்துவந்திட்டுதோ?" சுரேகாவின் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"அந்தப் பிள்ளை சுகமில்லாமல் இருக்கிறா. வயித்தில நாலு மாசம். இனிப் பதியத்தானே வேணும்." விமலேஸ்வரி அலுமாரியைத் திறந்து ஒரு மண்ணிறக் கடித உறையை எடுத்தா. "நல்லகாலம் நீயே வந்தாய். இல்லாட்டி நான் ஆள் அனுப்ப இருந்தனான். டிவோர்ஸ் பேப்பர், இதில கையெழுத்தை வை. நீ மறுக்காட்டி கெதியில முடியுமாம். உனக்கும் விடுதலை, அவனுக்கும் விடுதலை."

சுரேகா பேனையை வாங்கினாள். வைக்கத்தான் நினைத்தாள். விட்டது சனி என்று வைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்போம் என்றுதான் இருந்தது. ஆனால் கொப்பி போட்டுக் களவு பழகினவள், வாசிக்காமல் ஒன்றையும் தொடமாட்டாள். கதிரையில் இருந்து முதல் பக்கத்தில் இருந்து வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள்.

"பிரதிவாதி தன் கணவனுடன் சேர்ந்து வாழ மறுத்து, அவரைக் கைவிட்டுள்ளார் எண்டு போட்டிருக்கு. பிரதிவாதி ஆர்?"

"அது நீதான். சட்டத்தில ஆராவது ஒராளில பிழை காட்டினாத்தானாம் பிரிச்சுவிடுவினம். சும்மா பேப்பரிலதானே."

"நான் அவரைக் கைவிட்டனானோ?"

"பேப்பரில பிள்ளை. ஆர் வாசிக்கப் போறது?"

"அப்ப அவர் என்னைக் கைவிட்டவர் எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ. இந்த இடத்திலயே வைக்கிறன்."

"அது எப்பிடி? அவன் உதை அங்க கொண்டுபோய்க் காட்டவேணும். அவன்ர பேர் என்ன ஆகிறது? அந்தப் பிள்ளையின்ர ஆக்கள் என்ன நினைப்பினம்?" விமலேஸ்வரிக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "உனக்கென்ன, நீ இஞ்ச வயலுக்க கிடக்கிறனீ. உங்கட ஆக்களுக்க உதெல்லாம் ஆர் பாக்கினம்?"

சுரேகா பேனையை மூடினாள். மேசையில் வைத்தாள்.

"நாங்கள் பாப்பம் மாமி" என்றாள். "ரெண்டு வருசம் உங்கட மகன் கூப்பிடுவார் எண்டு உடுப்பு மடிச்சு வைச்சுக்கொண்டு இருந்தவள் நான். நானே போகமாட்டன் எண்டு சொன்னனான் எண்டு நானே கையெழுத்து வைக்கமாட்டன். வழக்குப் போடச் சொல்லுங்கோ. அவர் விமானம் ஏறி வந்து நீதிபதிக்கு முன்னால நிண்டு, சுரேகா என்னோட வரமாட்டன் எண்டவள் எண்டு என்ர முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

"அடி ஆத்தே, வருசக் கணக்கா இழுக்குமடி! குழந்தை பிறந்திடும்! நீயும்தான் கட்ட ஏலாமல் கிடப்பாய்!"

"தெரியும்."

பஸ் நிலையத்தில் நின்று வினோஜாவுக்குப் போன் எடுத்தாள். வினோஜா கதை முழுவதையும் கேட்டுக் கெட்ட வார்த்தையில் மதுசனைப் பேசினாள், நன்றாகப் பேசினாள். பிறகு குரலைத் தணித்து, அந்த இடத்துக்குத் தருமபுரத்துப் பிள்ளை ஒன்று வந்திட்டுது, சாதாரண மெசினுக்கென்றால் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். கேள் என்றாள் சுரேகா.

வீட்டுக்கு வர மதியம் திரும்பிவிட்டது. பழனியாண்டி கிணற்றடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பொடியனின் குறிப்பு, தைக் கலியாணம், மாமியின் கடித உறை, மூன்றாம் பக்கம். மண்வெட்டி எப்போதோ சுத்தமாகிவிட்டது, அவர் அதையே கழுவிக்கொண்டிருந்தார்.

"மாத்தி எழுதிக் குடுத்தா வைக்கிறன், இல்லாட்டி மாட்டன் எண்டிட்டு வந்திட்டன் அப்பா."

"நல்லாத்தான் சொல்லியிருக்க." மண்வெட்டியைக் கிணற்றுக் கட்டில் சாத்தினார். "மாத்தாட்டி?"

"அவர் அந்தக் கலியாணத்தைப் பதிய ஏலாது."

"அவென் கெடக்கிறான் நாயி. ஒன்னயத்தான் கேக்குறேன் புள்ள. ஒனக்கு?"

சுரேகா வாளியை எடுத்து அவருடைய கால் சேற்றுக்குத் தண்ணி ஊற்றினாள்.

"எனக்கும் ஏலாதுதான்" என்றாள். அவளுக்கு இருபத்தேழு நடக்குது.